எடுத்தாச்சா? எடுத்தாச்சு! - பார்மட் செய்யும் முன் ஒரு செக்லிஸ்ட்

கம்ப்யூட்டரை பார்மட் செய்து விண்டோஸ் தொகுப்பினை மீண்டும் பதிவது பெரிய வித்தை அல்ல. ஒருமுறை பார்த்துக் கொண்டால் யாரும் செய்திடலாம். 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான வழக்கமான சப்போர்ட்டை மைக்ரோசாப்ட் நிறுத்திய பின், விண்டோஸ் 11க்கு மாறுவதற்காகப் பலரும் இந்த வேலையில் இறங்கி உள்ளனர். எப்படிப் பதிவது என்று சொல்லும் கட்டுரைகள் நிறைய உண்டு. பதியத் தொடங்கும் முன் என்ன பார்க்க வேண்டும் என்பதை இங்கு காண்போம். இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. பட்டுத் தெரிந்து கொண்டேன்.

37 டிசைன்கள்

காஞ்சிபுரத்தில் பல ஆண்டுகளாகக் கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுத்து வருகிறேன். பிள்ளையார்பாளையத்தில் நெசவு செய்யும் ஒருவர் தன் மகளின் படிப்பிற்காகக் கம்ப்யூட்டர் வாங்கினார். பின்னர் அதிலேயே சேலை பார்டர், முந்தானை டிசைன்களையும் வரையத் தொடங்கினார். கட்டம் கட்டமாக வரைந்த படத்தைப் பார்த்துத்தான் ஜக்கார்டு அட்டையில் துளை போடுவார்கள். ஒரு டிசைனுக்குப் பல நாள் உழைப்பு தேவை.

2018 ஆம் ஆண்டு ஆடி மாதம் அந்தக் கம்ப்யூட்டர் வைரஸ் தாக்கி முடங்கியது. பார்மட் செய்வதற்காக நான் அவர் வீட்டிற்குச் சென்றேன்.

"பேக்அப் எடுத்தாச்சா பாப்பா?" என்று கேட்டேன்.

"எடுத்தாச்சு சார், பென் டிரைவ்ல இருக்கு" என்றாள் மகள்.

பென் டிரைவைச் செருகிப் பார்த்தேன். 37 பெயர்களும் வரிசையாக இருந்தன. ஒன்றை டபுள் கிளிக் செய்தேன். டிசைன் அழகாகத் திறந்தது. திருப்தியாகத் தலையாட்டிவிட்டு, பழைய பார்ட்டிஷன்கள் அனைத்தையும் நீக்கி, விண்டோஸைப் பதிந்தேன்.

மாலையில் பென் டிரைவைத் திறந்தால் ஒரு டிசைனும் வரவில்லை. அந்தப் பெண் காப்பி செய்தது டெஸ்க்டாப்பில் இருந்த ஷார்ட்கட் ஐகான்களை. உண்மையான பைல்கள் டி டிரைவில் இருந்தன. நான் சோதித்தபோது திறந்ததும் டி டிரைவில் இருந்த பைல்தான். பென் டிரைவில் இருந்தது அதன் முகவரி மட்டுமே.

ரெகவரி சாப்ட்வேர் கொண்டு இரண்டு நாள் தேடியதில் 9 டிசைன்கள் மீண்டன. மற்றவை போனவை போனவைதான். அவர் என்னைத் திட்டவில்லை. "தறியில ஒரு அட்டை மாறிப் போனா பூ கோணிக்கும் சார், உடனே கண்ணுக்குத் தெரிஞ்சிடும். உங்க வேலையில தெரிய மாட்டேங்குது" என்று மட்டும் சொன்னார்.

என்னைவிட அந்தப் பெண் கம்ப்யூட்டருக்குப் புதியவள். எனவே தவறு அவளுடையது அல்ல, என்னுடையதே. நூறு முறை செய்த வேலை என்பதால், பார்க்காமலேயே பார்த்ததாக எடுத்துக் கொண்டேன்.

விமானத்திலும் இதே கதை

அதே ஆண்டு செப்டம்பரில் ஒரு செய்தி படித்தேன். செப்டம்பர் 20 காலை, மும்பையிலிருந்து ஜெய்ப்பூருக்கு 166 பயணிகளுடன் ஜெட் ஏர்வேஸ் நிறுவனத்தின் போயிங் 737 விமானம் ஒன்று கிளம்பியது. மேலே ஏற ஏறப் பயணிகளுக்குக் காது வலித்தது. சுமார் 30 பேருக்கு மூக்கிலும் காதிலும் ரத்தம் வந்தது. ஆக்சிஜன் மாஸ்க்குகள் கீழே இறங்கின. விமானம் மும்பைக்கே திரும்பியது.

காரணம் என்ன? இன்ஜினிலிருந்து அழுத்தமான காற்றை எடுத்து கேபினுக்கு அனுப்பும் 'ப்ளீட்' சுவிட்சை ஆன் செய்திட பைலட்டுகள் மறந்துவிட்டனர். சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமே இதனைத் தெரிவித்தது. அந்தச் சுவிட்ச் எது என்று அவர்களுக்குத் தெரியாதா? நிச்சயம் தெரியும். தெரிந்த வேலைதான் விட்டுப் போகிறது.

இதே வகைத் தவறு 2005 ஆகஸ்ட் 14 அன்று 121 உயிர்களைப் பறித்தது. சைப்ரஸ் நாட்டிலிருந்து ஏதென்ஸ் நோக்கிச் சென்ற ஹீலியோஸ் விமானத்தில், கேபின் காற்றழுத்தத்திற்கான சுவிட்ச் ஒன்று 'ஆட்டோ' நிலையில் இருக்க வேண்டும். தரையில் சோதனை செய்த பின் அது 'மேனுவல்' நிலையிலேயே விடப்பட்டிருந்தது. அதைக் கண்டுபிடிக்க மூன்று இடங்களில் செக்லிஸ்ட் இருந்தது. மூன்றிலும் கவனிக்கவில்லை. எச்சரிக்கை ஒலி கேட்டபோது, வேறு ஒரு எச்சரிக்கைக்கும் அதே ஒலி என்பதால் அதனையும் தவறாகப் புரிந்து கொண்டனர். செக்லிஸ்ட் கையில் இருந்தும் பயன் இல்லை. நானும் அப்படித்தான், "எடுத்தாச்சா?" என்று கேட்டேனே தவிர, பதிலைச் சரியாகச் சோதிக்கவில்லை.

பைலட்டுகளின் செக்லிஸ்ட் பிறந்ததே ஒரு விபத்தினால்தான். 1935 அக்டோபர் 30 அன்று, அமெரிக்காவின் ரைட் பீல்டு விமானத் தளத்தில் போயிங் 299 என்ற புதிய விமானம் மேலே எழும்பியதும் விழுந்து எரிந்தது. வால் பகுதியின் பூட்டை விடுவிக்காமலேயே கிளப்பிவிட்டனர். ஓட்டியவர்கள் அனுபவம் மிக்கவர்கள். இதன் பின்னரே, நினைவை மட்டும் நம்பக் கூடாது என்று முடிவு செய்து, ஒவ்வொரு வேலையையும் காகிதத்தில் எழுதி வைத்துச் சரி பார்த்தனர். அந்த விமானமே பின்னர் பி-17 என்ற பெயரில் 12,000க்கும் மேல் தயாரானது.

நம் செக்லிஸ்ட்

கீழே உள்ளதை ஒரு தாளில் எழுதி, கம்ப்யூட்டர் அருகே ஒட்டி வையுங்கள்.

1. ஐகானின் இடது கீழ் மூலையில் சிறிய அம்புக் குறி இருக்கிறதா? இருந்தால் அது ஷார்ட்கட். பைல் உள்ள ஒரிஜினல் போல்டரைத் தேடி, அதனை முழுமையாகக் காப்பி செய்திடுங்கள். டெஸ்க்டாப், டாகுமெண்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ் என நான்கையும், மற்ற டிரைவ்களையும் பாருங்கள்.

2. ஒரிஜினல் போல்டர், காப்பி செய்த போல்டர் இரண்டிலும் ரைட் கிளிக் செய்து, 'ப்ராப்பர்ட்டீஸ்' தேர்ந்தெடுங்கள். பைல்களின் எண்ணிக்கையும் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். நான் இதைப் பார்த்திருந்தால், ஒவ்வொன்றும் ஓரிரு கேபி மட்டுமே இருப்பது தெரிந்திருக்கும்.

3. பென் டிரைவை முறைப்படி எஜக்ட் செய்து எடுத்து, வேறு ஒரு கம்ப்யூட்டரில் செருகுங்கள். முதலில் ஒன்று, நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று என மூன்று பைல்களைத் திறந்து பாருங்கள். இந்தப் பட்டியலில் மிக முக்கியமானது இதுதான்.

4. இன்னொரு காப்பி, வேறு இடத்தில் உள்ளதா? பென் டிரைவ் தொலையும், பழுதாகும்.

5. மைக்ரோசாப்ட் அக்கவுண்ட் பாஸ்வேர்ட், பிட்லாக்கர் ரெகவரி கீ ஆகியவற்றைத் தாளில் எழுதி வைத்துள்ளீர்களா?

6. பிரிண்டர் டிரைவர், மற்ற சாப்ட்வேர்களுக்கான பைல்கள் உள்ளனவா? யூனிகோட் அல்லாத பழைய தமிழ் எழுத்துருவில் டைப் செய்த கடிதங்கள் இருந்தால், அந்த எழுத்துரு பைலையும் காப்பி செய்திடுங்கள். இல்லையெனில் தமிழுக்குப் பதிலாகக் குறியீடுகளே தெரியும்.

7. பேக்அப் எடுத்த டிஸ்க்கைக் கழற்றிவிட்டீர்களா? விண்டோஸ் பதியும்போது அதுவும் பட்டியலில் தெரியும். கை தவறி அதையே அழித்துவிட வாய்ப்புண்டு.

எப்படிப் பயன்படுத்துவது?

விமானத்தில் ஒருவர் படிப்பார், மற்றவர் பார்த்துப் பதில் சொல்வார். வீட்டிலும் அப்படியே செய்யலாம். மகனோ மகளோ படிக்கட்டும். நீங்கள் திரையைப் பார்த்து, கண்ணால் கண்டதைப் பதிலாகச் சொல்லுங்கள். "எடுத்தாச்சு" என்பது பதில் அல்ல. "412 பைல்கள், 3 ஜிபி, பக்கத்து வீட்டுக் கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தேன்" என்பதே பதில். நடுவில் போன் வந்தால், முதல் வரியிலிருந்து மீண்டும் தொடங்குங்கள். ஏழும் முடிந்த பிறகே பார்மட்.

இதற்கு அரை மணி நேரம் ஆகலாம். இப்போது நான் எந்த வீட்டிற்குப் போனாலும் இந்தத் தாள் என் சட்டைப் பையில் இருக்கும். "இத்தனை வருஷம் ஆச்சு, இன்னும் பார்த்துத்தான் செய்யணுமா சார்?" என்று மாணவர்கள் கேட்பார்கள். இத்தனை வருடம் ஆனதால்தான் பார்த்துச் செய்கிறேன் என்பேன்.

அந்த நெசவாளர் தன் வீட்டிலிருந்த பழைய சேலைகளைப் பார்த்து, தொலைந்த டிசைன்கள் சிலவற்றை மீண்டும் வரைந்து கொண்டார். பேக்அப் எடுக்கும் வேலையை இப்போது அவர் மகளே பார்த்துக் கொள்கிறாள். தாளை வைத்துப் படிப்பவர் அவர்.