மரநிழற் பயிர்களும் விவசாய வருமானமும்

ஓங்கி வளர்ந்த மரங்களின் கீழ் ஏலமும், மரங்களைப் பற்றிப் படரும் மிளகும், நிழலை நாடும் காப்பியும் விளையும் நிலத்தைக் காடு என்பதா, வயல் என்பதா? கண்ணுக்குக் காடாகத் தோன்றும் இந்நிலத்தின் வருமானத்தை வரிச் சட்டம் எவ்வாறு நோக்குகிறது என்று கேட்கும் சிறு தோட்டக்காரர்களுக்குக் கள ஊழியர்கள் தெளிவான விடை கூற வேண்டியுள்ளது. விடை பிழையாயின், செலுத்த வேண்டாத வரியை ஒருவர் செலுத்துவார். செலுத்த வேண்டிய வரியை மற்றொருவர் விட்டுவிட்டுப் பின்னர் அபராதத்துக்கு ஆளாவார்.

நமது அரசியல் சட்டப்படி நிலத்தீர்வையும் விவசாய வருமான வரியும் ராஜ்யங்களின் அதிகாரத்திற்கு உட்பட்டவை. விவசாயம் அல்லாத வருமானத்தின் மீதான வரியே மத்திய சர்க்காருக்கு உரியது. ஆகவே "விவசாய வருமானம்" என்னும் சொற்றொடரின் எல்லையே இரு சர்க்கார்களின் அதிகார எல்லையுமாகும். 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 2(1ஏ) ஷரத்து அதற்கு இலக்கணம் வகுத்தது. அச்சட்டத்திற்குப் பதிலாக இயற்றப்பட்ட 2025ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஷரத்து எண்கள் வேறாயினும், விவசாய வருமானம் வரிக்குப் புறம்பாகவே வைக்கப்பட்டுள்ளது.

ஆனால் "விவசாயம்" என்பது யாது என்பதைச் சட்டம் கூறவில்லை. அதனைக் கூறியது சுப்ரீம் கோர்ட்டு. ராஜா பினய் குமார் சகஸ் ராய் என்பவர் சம்பந்தப்பட்ட வழக்கில் 1957இல் அளிக்கப்பட்ட தீர்ப்பு, இன்றளவும் இத்துறையில் அடிப்படையாக விளங்குகிறது. சால், பியாசால் மரங்கள் நிறைந்த சுமார் 6,000 ஏக்கர் காடு அது. சுமார் 150 ஆண்டுகளாக இருந்து வந்த அக்காடு ஆதியில் தானே முளைத்தது. அதன் மரங்களை விற்று வந்த பணம் விவசாய வருமானமா என்பதே கேள்வி.

நிலத்தை உழுதல், விதைத்தல், நடுதல் போன்று மண்ணின் மீது நேரே செய்யப்படும் வேலைகளை மூல வேலைகள் என்று கோர்ட்டு வகுத்தது. களை எடுத்தல், வேரடி மண்ணைக் கிளறுதல், வேண்டாத புதரை அகற்றுதல், கவாத்து செய்தல், அறுவடை ஆகியவை பின் வேலைகள். மூல வேலையின் தொடர்ச்சியாகச் செய்யப்படும்போது பின் வேலைகளும் விவசாயமே; மூல வேலையே இல்லாதவிடத்து, பின் வேலைகள் மட்டும் ஒரு காட்டை விவசாய நிலமாக்கிவிடா. உணவுப் பயிர்தான் விவசாயம் என்ற குறுகிய பொருளையும் கோர்ட்டு ஏற்கவில்லை. அவ்வழக்கில் வெறுமையான பகுதிகளில் மரங்கள் நடப்பட்டிருந்தமையால், தீர்ப்பு வரி இலாகாவுக்கு எதிராக அமைந்தது. முயற்சி என்று பொருள்படும் "வியவசாயம்" என்ற வடசொல்லே நம் "விவசாயம்" ஆயிற்று. அயர்வின்றி மொழிபெயர்க்கும் சட்டச் சொற்களுள் இவ்வளவு பொருத்தமாக அமைபவை சிலவே.

இவ்விதியை ஏலத்தோட்டத்தில் வைத்துப் பார்ப்போம். மேல் மரங்கள் தாமே வளர்ந்தவையாக இருக்கலாம். எனினும் அவற்றின் கீழே குழி வெட்டி, நாற்று நட்டு, எருவிட்டு வளர்த்த ஏலச்செடியின் காய் விவசாய விளைபொருளே. பச்சைக் காயைச் சந்தை ஏற்காதாகையால், அதனை உலர்த்துவதும் பயிரிடுவோர் சாதாரணமாகச் செய்யும் பக்குவமாகும்; அதனால் வருமானத்தின் தன்மை மாறாது. ஆனால் அதே நிலத்தில் தானே முளைத்த பழமரத்தின் கனியையோ, இயற்கையாக வளர்ந்த மரத்தையோ விற்றால், அப்பணம் வேறு வகையைச் சேரும். ஒரே வேலிக்குள் இருவகை வருமானமும் இருக்கக்கூடும் என்பதைப் பலர் உணர்வதில்லை. நட்டது எது, தானே முளைத்தது எது என்று காட்ட நாற்று வாங்கிய ரசீதும், கூலிப் பதிவேடும், நடவு ஆண்டும் இடமும் குறித்த வரைபடமும் இருந்தால் போதும். வாய்மொழி சாட்சியம் எளிதில் எடுபடாது.

காப்பியில் கணக்கு சற்று மாறுபடுகிறது. பயிரிட்டவரே காப்பியைப் பதப்படுத்தி விற்றால், 1962ஆம் ஆண்டு விதிகளின் 7பி விதி அவ்வருமானத்தில் 25 சதவீதத்தைத் தொழில் வருமானமாகக் கொண்டது. வறுத்து அரைத்து விற்றால் 40 சதவீதம். உதாரணமாக, பதப்படுத்திய காப்பியால் நிகர வருமானம் 8 லட்சம் ரூபாய் எனில், 2 லட்சம் தொழில் வருமானம். 6 லட்சம் விவசாய வருமானம். ஆசிரியர்கள் இக்கணக்கை வகுப்பில் சதவீதப் பாடத்துக்கும் எடுத்துக்கொள்ளலாம்.

நாற்றங்கால் பற்றி முன்பு வழக்குகள் மிகுந்திருந்தன. நிலத்தில் மூல வேலை நடைபெறாமல் தொட்டியில் வளர்த்த நாற்று விவசாயமாகுமா என்ற ஐயத்தை 2008ஆம் ஆண்டு நிதிச் சட்டம் நீக்கி, நாற்று விற்ற வருமானம் விவசாய வருமானமாகவே கருதப்படும் என்று விதித்தது.

வரி விஷயத்தில் விவசாயம் என்று கொள்ளப்படுவதால், எந்தக் காட்டிலும் பயிரிட உரிமை கிடைத்துவிட்டதாக எண்ணலாகாது. 1980ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டம், தேயிலை, காப்பி, வாசனைப் பொருள்கள், ரப்பர், மூலிகைகள் முதலியவற்றைப் பயிரிடுவதற்காக வன நிலத்தைத் திருத்துவதை வனமல்லாத உபயோகமாகவே கருதுகிறது. 2023இல் சட்டத்தின் பெயர் மாறியபின்னரும் இந்நிலை நீடிக்கிறது. அதற்கு மத்திய சர்க்காரின் முன் அனுமதி தேவை. ஆகையால் நிலம் பட்டா நிலமா, வன நிலமா என்பதை முதலில் கிராமக் கணக்கில் பார்த்துக்கொண்டு, அதன் பின்னரே கள ஊழியர் வரியைப் பற்றிப் பேசத் தொடங்குவது நலம்.