நீரடியில் மூச்சு

கோடை விடுமுறையில், திருக்கோவிலூரை அடுத்த கிராமம் ஒன்றின் கிணற்றங்கரையை மனக்கண்ணில் பாருங்கள். தென்பெண்ணையில் மணல்தான் தெரிகிறது. நீச்சலுக்குக் கிணறுதான் கதி. சிறுவன் ஒருவன் பப்பாளி இலைக் காம்பின் ஒரு முனையை வாயில் கவ்வி, மறு முனையை நீருக்கு மேல் நீட்டியபடி முங்கியிருக்கிறான். படியில் நிற்கும் தம்பி கேட்கிறான்: "அண்ணே, இதைவிட நீளமா ஒரு குழாய் இருந்தா, அடியிலேயே போய் உட்கார்ந்துக்கலாம் இல்ல?"

நல்ல கேள்வி. ஆனால் முடியாது. ஏன்?

மார்பின் மேல் ஒரு மூட்டை

நீரில் ஒரு மீட்டர் இறங்கினால், உடலின் ஒவ்வொரு சதுர செ.மீ. பரப்பிலும் ஏறத்தாழ 100 கிராம் எடை கூடுதலாக அழுத்துகிறது. மார்பின் பரப்பை 1,000 சதுர செ.மீ. என்று கொண்டால், மொத்தம் 100 கிலோ! குழாய் வழியே வரும் காற்றோ மேலே உள்ள சாதாரண அழுத்தத்திலேயே இருக்கிறது. வெளியே 100 கிலோ அழுத்த, உள்ளே அதைத் தாங்க ஒன்றுமில்லை. மார்பை விரித்து மூச்சிழுக்க நம் தசைகளால் இயலாது. பப்பாளிக் காம்பு வேலை செய்வதற்குக் காரணம் அது குட்டையாக இருப்பதே. நீண்ட குழாயுடன் இறங்கிப் பார்க்கும் சோதனை உயிருக்கே ஆபத்தானது.

அப்படியானால் ஆழத்தில் மூச்சுவிட வழி என்ன? அங்குள்ள நீர் எவ்வளவு அழுத்துகிறதோ, அதே அழுத்தத்தில் காற்றைத் தர வேண்டும். பிரெஞ்சுக் கடற்படையைச் சேர்ந்த ஜாக் கூஸ்தோவும் பொறியாளர் எமில் காக்னானும் 1943-ல் இதைச் சாதித்தனர். போர்க்காலப் பெட்ரோல் பஞ்சத்தில் மோட்டார் வண்டிகளை வாயுவால் ஓட்ட காக்னான் ஒரு வால்வு செய்திருந்தார். அதையே மாற்றியமைத்து நீருக்குள் கொண்டுபோனார்கள். இன்று 'ஸ்கூபா' என்று நாம் சொல்லும் கருவியின் இதயம் இந்த வால்வுதான். இதற்கு 'ரெகுலேட்டர்' என்று பெயர்.

இதன் வேலை எளிது. வாயில் கவ்வும் பகுதிக்குள் ஒரு ரப்பர்த் தகடு இருக்கிறது. அதன் ஒரு பக்கம் நீர், மறு பக்கம் காற்று. மூச்சை இழுத்ததும் தகடு உள்நோக்கி வளைந்து ஒரு நெம்புகோலை அழுத்தும். வால்வு திறந்து காற்று வரும். இரு பக்க அழுத்தமும் சமமானதும் வால்வு மூடிக்கொள்ளும். எவ்வளவு காற்று தேவை என்பதை நீரே அளந்து தருகிறது!

காற்றுக் கணக்கு

முதுகில் உள்ள சிலிண்டர் 12 லிட்டர் கொள்ளளவு உடையது. அதில் காற்று 200 மடங்கு அழுத்தத்தில் இருக்கிறது என்று கொள்வோம். 12 × 200 = 2,400 லிட்டர் காற்று. நிமிடத்திற்கு 20 லிட்டர் மூச்சிழுப்பவருக்கு நீர்மட்டத்தில் இது 120 நிமிடம் வரும். ஆழத்திலும் இவ்வளவு நேரம் வருமா?

தென்பெண்ணையோடு கிழக்கே போனால் கடலூர் அருகே வங்கக் கடல். கரையோரமாகத் தெற்கே சென்றால் காவிரி கடலில் கலக்கும் பூம்புகார். கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனத்தார், லோத்தல் அகழாய்வு நடத்திய எஸ். ஆர். ராவ் தலைமையில், பூம்புகார்க் கடலடியில் ஆய்வு செய்தனர். கரையிலிருந்து ஏறக்குறைய 5 கி.மீ. தொலைவில், 23 மீட்டர் ஆழத்தில், குதிரை லாட வடிவில் ஏதோ ஒன்று இருப்பதை 1991-ல் ஒலியலைக் கருவி காட்டியது. 1993-ல் ஸ்கூபா வீரர்கள் இறங்கிப் பார்த்தனர்.

ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். எனவே 23 மீட்டரில் மொத்தம் 3.3 மடங்கு. ஒவ்வொரு மூச்சுக்கும் 3.3 மடங்கு காற்று செலவாகும். 120 நிமிடம் வர வேண்டிய சிலிண்டர் 36 நிமிடத்தில் தீர்ந்துவிடும்! அதனால்தான் வீரர் காற்றுமானியை அடிக்கடி பார்த்துக்கொள்கிறார்.

மேலேறும்போது வேறொரு விதி. 10 மீட்டர் ஆழத்தில் நுரையீரலில் நிரப்பிய 5 லிட்டர் காற்று, நீர்மட்டத்தில் 10 லிட்டராக விரியும். மூச்சை அடக்கிக்கொண்டு ஏறினால் நுரையீரல் கிழிந்துவிடும். மேலும், ஆழத்தில் இரத்தத்தில் கரைந்த நைட்ரஜன், சோடா பாட்டிலைத் திறந்தாற்போல் குமிழிவிடும். ஆகவே மூச்சை அடக்காமல், மெல்ல ஏற வேண்டும்.

கலங்கலில் ஒரு படம்

கண்டதை மற்றவர்க்குக் காட்டப் படம் வேண்டும். லூயி பூட்டான் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி 1893-லேயே கடலடியில் படம் எடுத்தார். இன்று காமிராவை நீர்புகாப் பெட்டியில் வைத்து எடுக்கிறார்கள். ஆனால் இடையூறுகள் பல.

முதலாவது, நீரில் பொருள்கள் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும் அருகிலும் தெரியும். ஆகவே பொருளின் பக்கத்தில் அளவுகோலை வைத்தே படம் எடுப்பார்கள். இரண்டாவது, நீர் சிவப்பு நிறத்தை முதலில் விழுங்கிவிடும். 20 மீட்டர் ஆழத்தில் இரத்தம்கூடக் கரும்பச்சையாகத் தெரியும். நிறம் தெரிய விளக்கு வேண்டும். மூன்றாவது, வண்டல். பனிமூட்டத்தில் பஸ்ஸின் முகவிளக்கைப் போட்டால் வெள்ளைத் திரைதானே தெரியும்? அதுபோல லென்சுக்கு அருகில் விளக்கு இருந்தால் வண்டல் துகள்களே படமாகும். எனவே விளக்கை நீண்ட கையில் பொருத்திப் பக்கவாட்டில் வைப்பார்கள். பொருளை நெருங்கி நின்று எடுப்பார்கள்.

மேலே கூரை இருந்தால்?

பூம்புகாரில் தொல்லை நேர்ந்தால் மெல்ல மேலேறி வந்துவிடலாம். தலைக்கு மேல் வானம் இருக்கிறது. நீர் நிறைந்த குகையிலோ மேலே பாறை. வந்த வழியேதான் திரும்ப வேண்டும். காலை ஒருமுறை உதைத்தால் அடியிலுள்ள வண்டல் கிளம்பி, வந்த வழி மறைந்துவிடும்.

அமெரிக்கக் குகை வீரர் ஷெக் எக்ஸ்லி, பல விபத்துகளை ஆராய்ந்து 1979-ல் பாதுகாப்பு விதிகளை எழுதினார். குகை வீரர்கள் இன்று கைக்கொள்பவை இவை: அதற்கெனத் தனிப் பயிற்சி வேண்டும், வெளியிலிருந்தே அறுபடாத கயிறு கட்டிச் செல்ல வேண்டும், ஆளுக்கு மூன்று விளக்கு வேண்டும், பயிற்சிக்கு மீறிய ஆழம் கூடாது, காற்றில் மூன்றிலொரு பங்கு உள்ளே போக, ஒரு பங்கு திரும்ப, ஒரு பங்கு ஆபத்துக்கு. பகல் வெளிச்சம் தெரியும் குகைமுகத்திலும் கயிறும் காற்றுக் கணக்கும் கட்டாயம்.

2018-ல் தாய்லாந்தின் தாம் லுவாங் குகையில் வெள்ளம் புகுந்து 12 சிறுவர்களும் அவர்களுடைய பயிற்சியாளரும் சிக்கிக்கொண்டனர். குகை வீரர்கள் 13 பேரையும் மீட்டனர். ஆனால் அந்நாட்டுக் கடற்படையின் முன்னாள் வீரர் சமன் குணான், உள்ளே காற்றுச் சிலிண்டர்களை வைத்துத் திரும்பும் வழியில் உயிரிழந்தார். பயின்றவருக்கே குகை இரக்கம் காட்டுவதில்லை.

இப்போது நம் கிணற்றுக்குத் திரும்புவோம். நீர்மட்டத்துக்குக் கீழே, சுவரில் நீர் அரித்த குடைவு இருக்கிறதல்லவா? அதற்குள் நுழைபவன், கயிறும் விளக்கும் காற்றும் இல்லாமல் குகைக்குள் போகிறான். நெஞ்சில் அடக்கிய மூச்சுக்கு மூன்று பங்கு கிடையாது. குடைவுக்குள் தலையை நீட்டாதீர்கள். எவரேனும் நீரில் தத்தளித்தால் நீங்கள் குதிக்காமல் கயிறோ, மூடிய காலிக் கேனோ வீசுங்கள். பெரியவர்களைக் கூவி அழையுங்கள். தீயணைப்பு நிலையத்துக்கு 101-ல் சொல்லுங்கள்.

செய்து பாருங்கள்: கையில் ஒரு பாலிதீன் பையை மாட்டி, பையின் வாய் நனையாதபடி வாளி நீரில் இறக்குங்கள். பை கையோடு ஒட்டி அழுத்துவதை உணர்வீர்கள்.

கணக்கிடுங்கள்: மேலே கூறிய அதே சிலிண்டருடன் ஒருவர் 10 மீட்டர் ஆழக் குகைக்குள் செல்கிறார். எத்தனை நிமிடத்தில் அவர் திரும்பத் தொடங்க வேண்டும்?

(விடை: 20 நிமிடம். மூன்றிலொரு பங்கு 800 லிட்டர். அந்த ஆழத்தில் நிமிடத்திற்கு 40 லிட்டர் செலவாகும்.)