வரச் சொல்லிவிட்டு ‘இன்னொரு நாள் பார்க்கலாம்’ என்றால்...

ஆரல்வாய்மொழியிலிருந்து தோவாளை, செண்பகராமன்புதூர், பூதப்பாண்டி என்று வீடு தேடிப்போய்க் கையெழுத்து வாங்கும் நோட்டரி வக்கீல்களுக்கு இந்த அனுபவம் இருக்கும். வாசலில் வண்டியை நிறுத்தியதும், “மூத்தவன் இன்னைக்கு வேண்டாம்னுட்டான் சார்” என்பார்கள். பெட்ரோலும் அரைநாளும் போச்சு. அதைத் தவிர்க்கச் சில குறிப்புகள். டியூஷன், மருதாணி, சமையல் என்று வீடுகளுக்குப் போகிறவர்களுக்கும் இவற்றில் பல உதவும்.

1. வேலைக்கூலி வேறு, போய்வந்த கூலி வேறு. போனில் பேசும்போதே இரண்டையும் தனித்தனியாகச் சொல்லுங்கள். நோட்டரி விதிகள் 1956-லும் கட்டணம் தனி, கிலோமீட்டர் கணக்கில் பயணப்படி தனி.

2. வண்டிக்கூலியை முன்கூட்டியே ஜிபேயில் வாங்கிவிடுங்கள். சமையல்காரருக்கும் நாதஸ்வரக்காரருக்கும் அச்சாரம் கொடுக்கிற ஊர் இது. கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

3. நோட்டரி கட்டணம் அரசு நிர்ணயித்தது. ‘ரத்துக் கட்டணம்’ என்று புதிதாக எதையும் அதில் ஏற்றாதீர்கள். கட்டணப் பட்டியலை அலுவலகத்தின் உள்ளேயும் வெளியேயும் தெரியும்படி வைக்க வேண்டும் என்பதும் விதிதான். பட்டியல் கண்ணில் பட்டாலே பாதிப் பேரம் குறையும்.

4. என்ன பத்திரம் என்று முதலில் கேளுங்கள். வீடு, மனை விற்பதற்கும் தானமாகக் கொடுப்பதற்கும் நோட்டரி முத்திரை போதாது, பதிவு செய்ய வேண்டும். நடமாட முடியாதவர் என்றால், பதிவுச் சட்டம் 1908, 31-வது பிரிவின்படி தகுந்த காரணம் காட்டிச் சார்பதிவாளரையே வீட்டுக்கு வரக் கேட்கலாம். இதைச் சொல்லிவிட்டால் வீண் பயணம் ஒன்று மிச்சம்.

5. நாள் குறிக்கும்முன் காலண்டரைப் பாருங்கள். செவ்வாய் 3 மணி, வெள்ளி 10.30 என்று நேரம் கொடுத்தால், “ராகுகாலம் சார்” என்று கடைசி நேரத்தில் போன் வரும்.

6. ஆதார் அசல், போட்டோ, முத்திரைத்தாள் மூன்றையும் எடுத்து வைத்து, முதல் நாளே வாட்ஸ்அப்பில் படம் அனுப்பச் சொல்லுங்கள். ‘ஆதார் பீரோவில், சாவி மகனிடம், மகன் துபாயில்’ என்பதும் ஒருவகை ரத்துதான்.

7. முத்திரைத்தாளை அவர்களே வாங்கி வைக்கட்டும். உங்கள் பணத்தில் வாங்காதீர்கள்.

8. முதல் நாள் மாலை ஒரு போன், கிளம்பும்முன் ஒரு போன். பிள்ளைகளுக்குள் பாகத் தகராறு இருந்தால், குரலிலேயே தெரிந்துவிடும்.

9. ஒரே திசையில் இரண்டு மூன்று வீடுகளைச் சேர்த்துப் போங்கள். ஒன்று தவறினாலும் பெட்ரோல் வீணாகாது.

10. வாங்கிய பணத்துக்கு ரசீது கொடுங்கள், பதிவேட்டிலும் எழுதுங்கள். நோட்டரிக்கு அது கட்டாயம். மற்றவர்களுக்கு நோட்டில் ஒரு வரி போதும்.

11. “பேப்பர்ல அப்பா கையெழுத்துப் போட்டாச்சு, பையன்கிட்ட கொடுத்து விடுறோம், சீல் மட்டும் வச்சிடுங்க” என்பார்கள். போன பணம் திரும்பக் கிடைக்கிறதே என்று சம்மதிக்காதீர்கள். ஆள் நேரில் இல்லாமல் வைத்த முத்திரை உங்கள் சான்றிதழுக்கே ஆபத்து.

12. மற்ற தொழில்காரர்கள் கவனிக்க: அச்சாரம் முழுவதையும் பிடித்துக்கொள்ள எப்போதும் உரிமை இருப்பதாக நினைக்காதீர்கள். ஒப்பந்தச் சட்டம் 1872, 74-வது பிரிவு நியாயமான ஈட்டுத்தொகையைத்தான் பேசுகிறது. வாங்கிய காய்கறி, போன வண்டிக்கூலி இவற்றைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுத்துவிடுங்கள்.

13. சாவு, ஆஸ்பத்திரி என்றால் ஒரு பைசா கேட்காதீர்கள். அந்த வீட்டார் அடுத்த வேலைக்கு உங்களைத்தான் கூப்பிடுவார்கள்.

கடைசியாக, கூப்பிடுகிறவர்களுக்கும் ஒன்று: வேண்டாம் என்று முடிவானால் முதல் நாள் சாயங்காலமே ஒரு போன் போட்டுவிடுங்கள். முப்பந்தல் காற்றில் ஸ்கூட்டரைப் பிடித்துக்கொண்டு வருகிறவருக்கு அது பெரிய உபகாரம்.