நினைவு மலருக்கு முன்னால்

அன்புள்ள மருமகனுக்கு,

அத்தை எழுதுவது. மாமாவுக்கு முழங்கால் வலி இன்னும் விட்டபாடில்லை.

வாட்ஸப்பில் நீ அனுப்பிய நினைவு மலர் வாசகத்தைப் பார்த்தேன். அண்ணன் படம் நன்றாக வந்திருக்கிறது. ‘உழைப்பால் உயர்ந்த உத்தமர், சிறந்த விவசாயி, பாசமிகு குடும்பத் தலைவர்’ என்று போட்டிருக்கிறாய். பெயரை மாற்றிவிட்டால் காங்கயம் வட்டாரத்தில் யார் திதிக்கும் இது பொருந்தும். அச்சுக்குப் போகும் முன்னால் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். போனில் சொன்னால் “சரிங்கத்தை, சரிங்கத்தை” என்று வைத்துவிடுவாய்.

உங்கப்பாவைப் பற்றி எழுதுவதானால் கொறங்காட்டிலிருந்து ஆரம்பி. தண்ணீர் இருக்கிற தோட்டத்தில் வெள்ளாமை வைப்பது பெரிய காரியமில்லை. மழை ஏமாற்றுகிற சரளை மண்ணில், கொழுக்கட்டைப் புல்லையும் வெள்வேல மரத்தையும் நம்பிக் குடும்பம் நடத்தியதுதான் அவர் கெட்டிக்காரத்தனம். ஒரு காட்டில் மாடு மேய்ந்தால் பக்கத்துக் காடு சும்மா கிடக்க வேண்டும் என்பதில் கறாராக இருப்பார். மழை பெய்து புல் தளிர்த்ததும் மாட்டை உள்ளே விடச் சொல்லி ஊரே அவசரப்படும். “விதை உதிரட்டும்” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். மழைக்காலத்தில் கிளுவைக் குச்சியைக் கத்தை கட்டித் தோளில் போட்டுக்கொண்டு வேலியில் சந்து தேடிப் போவாரே, உனக்கு ஞாபகம் இருக்கும். உன்னையும் இழுத்துக்கொண்டு போய் முள் கிழித்து, உங்கம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் இருக்கும்.

2016-இல் பருவமழை மொத்தமாகப் பொய்த்தது. அடுத்த கோடையில் சந்தைக்குச் சந்தை மாடுகள் அடிமாட்டு விலைக்குப் போயின. அண்ணன் ஒரு மாட்டைக்கூட அவிழ்க்கவில்லை. வெள்வேல நெற்று விழுவதைக் கூட்டி வாரி ஆட்டுக்கும் மாட்டுக்கும் பகிர்ந்து போட்டார், வைக்கோலுக்கு உங்கம்மாவின் வளையலை அடகு வைத்தார். அந்த வளையல் திரும்பி வந்ததா என்று உங்கம்மாவிடமே கேட்டுக்கொள். அந்தக் கோடைக்கு முந்தின தைமாதம்தான் ஜல்லிக்கட்டுப் போராட்டம். அதற்குப் பிறகு காங்கயம் மாடு பார்க்கப் பட்டணத்துப் பிள்ளைகள் கார் போட்டுக்கொண்டு வந்தார்கள். “போட்டோ புடிக்க வர்றவங்க ஆளுக்கொரு கட்டு தட்டு கொண்டாந்தா ஆகாதாக்கும்?” என்பார்.

கண்ணபுரம் சந்தையையும் எழுது. சித்திரையில் அங்கே துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசும்போது அவர் முகத்தில் ஒன்றும் தெரியாது. கன்று செவலையாகப் பிறந்து சில மாதத்தில் நிறம் மாறும் அல்லவா, பிறந்த வாரமே இது என்ன மயிலையாகும் என்று சொல்லிவிடுவார். இதையெல்லாம் விட்டுவிட்டு ‘உத்தமர்’ என்று போடுவதற்கு எதற்கு மலர்?

படிக்காதவர் என்று யாராவது சொன்னால் இதைச் சொல். 1972-இல் மின்கட்டணப் போராட்டத்துக்குக் கோயமுத்தூரை மாட்டுவண்டிகள் அடைத்தபோது என் அப்பா, அதாவது உங்க அப்பாருவும் வண்டி கட்டிப் போனார். பண்ணையம் பார்க்க ஆள் வேண்டுமென்று அண்ணன் பள்ளிக்கூடத்திலிருந்து நின்றார். பிறகு போகவே இல்லை. என்னை மட்டும் எஸ்.எஸ்.எல்.சி. வரை சைக்கிளில் கொண்டுபோய் விட்டார். பொங்கலுக்குச் சீர் கொண்டுவர ஒரு வருஷமும் தவறியதில்லை.

ஆனால் சீர் வேறு, பங்கு வேறு. இதை யாராவது உனக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

1989-இல் பெண்ணுக்கும் பூர்வீகச் சொத்தில் பங்கு உண்டென்று இங்கே சட்டம் வந்தது. மார்ச் 25-க்கு முன்னால் கல்யாணமானவளுக்குக் கிடையாது என்றும் அதிலேயே இருந்தது. எனக்கு 1983-இல் கல்யாணம். ஆனாலும் 1956 சட்டப்படி அப்பாருவின் பங்கில் எனக்கும் ஒரு துண்டு இருந்தது. 1994-இல் அவர் போய்ச் சேர்ந்தார். கருமாதிக்கு வந்தவளைக் கருமாதி முடிந்த கையோடு சார்பதிவாளர் ஆபீசுக்குக் கூட்டிப்போனார்கள். விடுதலைப் பத்திரம் எழுதி ரெடியாக இருந்தது. படித்துக் காட்டக்கூட இல்லை. பட்டுச்சேலை ஒன்று கொடுத்தார்கள், அரக்குக் கலர். இன்னும் பீரோவில் மடிப்புக் கலையாமல் இருக்கிறது. அண்ணனைக் குறை சொல்லவில்லை. எல்லா வீட்டிலும் அப்படித்தான் நடந்தது. கேட்டிருந்தால் நானே கொடுத்திருப்பேன். கேட்கவில்லையே!

2005 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு கல்யாண வருஷமெல்லாம் கிடையாது. மகனுக்கு என்னவோ அதுதான் மகளுக்கும். அப்பன் அந்தத் திருத்தம் வந்த தேதியில் உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற குழப்பத்தையும் 2020-இல் சுப்ரீம் கோர்ட்டே தீர்த்துவிட்டது. உனக்கும் தெரியும். தெரிந்ததால்தானே கையெழுத்து தேவைப்படுகிறது.

ஆமாம், காதுக்கு வந்துவிட்டது. சோலார்க்காரன் கொறங்காட்டுக்கு நல்ல விலை சொல்கிறானாம். திதிக்கு வருகிற உங்கக்காவிடம் மறுநாள் கையெழுத்து வாங்குவதாக ஏற்பாடாம். தாராபுரத்து மாமாதான் பத்திரத்துக்குச் சொல்லி வைத்திருக்கிறாராம். அந்த மனுஷர் என் பத்திரத்துக்கும் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்.

விற்பதும் வைத்திருப்பதும் உன் இஷ்டம். நான் குறுக்கே நிற்கமாட்டேன். உன் மகள் படிப்புக்குப் பணம் வேண்டும், தெரியும். பனியன் கம்பெனி வேலையில் இருந்துகொண்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்து மாடு பார்க்க முடியாது, அதுவும் தெரியும். ஆனால் கிளுவை வேலியை ஜேசிபி ஒரு மத்தியானத்தில் பிடுங்கிவிடும், திரும்ப வேலி அடைய உன் மகன் காலம் ஆகும். மேய்ச்சலுக்கு விட்டால் பக்கத்துக் காட்டுக்காரரே வாடகை தரத் தயாராக இருக்கிறார், விசாரித்துவிட்டேன். விற்றே ஆக வேண்டுமென்றால் உங்கக்காவையும் அம்மாவையும் உட்கார வைத்து, விலை இன்னது, ஆளுக்கு இவ்வளவு என்று முதலில் சொல். அவள் வேண்டாமென்று சொன்னால் அது அவள் பெருந்தன்மை. திதிக்கு மறுநாள் மட்டும் வேண்டாம்.

உன் கல்யாணத்தில் இணைச்சீர் செய்தவள் அவள்தான். கூறைச்சேலையின் ஒரு தலைப்பு உன் கையில், மறுதலைப்பு அவளிடம். உங்கப்பா கல்யாணத்தில் அந்த இடத்தில் நான் நின்றேன். மலரின் அடியில் ‘இவண்’ என்று உன் பெயர், உன் மகன் பெயர், என் மருமகள் பெயர்வரை இருக்கிறது. அண்ணன் பெற்ற மகள் பெயர் இல்லை. இடம் போதவில்லையென்றால் உத்தமரை எடுத்துவிடு.

ரொம்பத் திட்டிவிட்டேனோ என்னவோ. உன்னைப்போல் பிள்ளை யாருக்குக் கிடைக்கும், சொல். கடைசி மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் ராத்திரி ராத்திரியாக அவர் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாயே, அதை நான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். நீ தங்கமான பிள்ளை, எங்கண்ணன் குணம் அப்படியே இருக்கிறது. அச்சுச் செலவு முழுக்க அத்தையுடையது, மறுக்கக் கூடாது. எத்தனை பிரதி வேண்டுமானாலும் போடு, கலரிலேயே போடு. திதிக்கு இரண்டு நாள் முன்னாலேயே வந்துவிடுகிறேன். பாப்பாவுக்குக் கொலுசு எடுத்திருக்கிறேன், பையனுக்குக் கச்சாயம் சுட்டுக் கொண்டுவருகிறேன். உனக்கும் சேர்த்துத்தான். வேளாவேளைக்குச் சாப்பிடு, டீயைக் குறை. மருமகளைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அத்தை