பின்வேலிக்கு அப்பால் உள்ள காணி

கல்லடி

அன்புள்ள மருமகளுக்கு,

உங்கள் வீட்டுப் பின்வேலிக்கு அப்பால் பற்றை மண்டிக் கிடக்கும் வெறுங்காணி யாருடையது என்று கேட்டிருந்தாய். வீட்டில் ஒருவருக்கும் சரியாகத் தெரியவில்லை என்றும் எழுதியிருந்தாய். வீட்டுத்திட்டத்தில் எல்லாருக்கும் பொதுவென்று ஒதுக்கிய துண்டாக அது இருக்கக்கூடும். அப்படியானால் இதை இப்போதே கேட்டது நல்லது. கேட்பாரில்லாத பொதுக்காணியில் இன்று ஒரு வேலி இரண்டு முழம் நகரும், நாளை ஒரு கொட்டில் எழும், கொஞ்சக் காலத்தில் அப்படியொரு காணி இருந்ததே யாருக்கும் நினைவிராது.

2004 டிசம்பர் 26 சுனாமியில் மட்டக்களப்பின் நாவலடியையும் டச்பாரையும் கல்லடித் திருச்செந்தூரையும் கடல் அடித்துப் போன பிறகுதான் நாவலடிச் சனங்களில் பலர் திராய்மடுவுக்கு வந்தார்கள். உன் அம்மாவும் அவர்களோடு வந்தவள். நாவலடியில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் மணல். அங்கே விளையாட்டுக்கென்று யாரும் இடம் குறித்துக் கொடுக்கவில்லை. கடற்கரை முழுவதும் பிள்ளைகளுக்கு முற்றமாக இருந்தது. திராய்மடுவில் வீடுகள் வரிசை வரிசையாக எழுந்தன. வரிசையாகக் கட்டும் இடத்தில் முற்றம் தானாக வந்துவிடாது. காணியைத் துண்டுபோடும் நாளிலேயே ஒருவர் அதை நினைத்து ஒதுக்க வேண்டும்.

எங்கள் இலங்கையில் அதற்குச் சட்டமும் உண்டு. நகர அபிவிருத்தி அதிகார சபையின் 1986ஆம் ஆண்டுத் திட்டமிடல், கட்டட ஒழுங்குவிதிகள், ஒரு ஹெக்டயருக்கு மேற்பட்ட காணியைத் துண்டாடும்போது வீதிகள் போக மிகுதியில் குறைந்தது 10 வீதத்தைச் சமூக, பொழுதுபோக்குத் தேவைக்கென ஒதுக்கச் சொல்லின. ஒரு ஹெக்டயர் ஏறக்குறைய 395 பேர்ச். வீதிக்கு 75 பேர்ச் போனால்கூட 32 பேர்ச் பொதுவுக்கு வரும். தமிழ்நாட்டிலும் பெரிய மனைப்பிரிவுகளில் 10 வீதம் ஒதுக்கி, தானப்பத்திரம் எழுதி உள்ளாட்சி அமைப்பிடம் கொடுக்க வேண்டும். அந்தப் பத்திரம்தான் முக்கியம். யார் பெயரிலும் எழுதாமல் விட்ட காணி, கடைசியில் துணிந்தவன் கைக்குப் போகும்.

ஒதுக்கினால் மட்டும் போதாது, எங்கே ஒதுக்குகிறோம் என்பதிலும் எவ்வளவோ இருக்கிறது. அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ராட்பர்ன் என்ற குடியிருப்பை 1929இல் கட்டத் தொடங்கினார்கள். திட்டமிட்டவர்கள் கிளாரன்ஸ் ஸ்டைனும் ஹென்றி ரைட்டும். கார் வரும் முட்டுச்சந்துப் பக்கம் குசினியை வைத்தார்கள். குடும்பம் இருக்கும் அறையைப் பூங்காவின் பக்கம் திருப்பினார்கள். வீதியால் போகிறவருக்கு அந்தப் பூங்கா தெரியாது. ஆனால் எந்த வீட்டு யன்னலைத் திறந்தாலும் அங்கே விளையாடும் பிள்ளைகள் தெரிவார்கள். 1930களின் பொருளாதார மந்தத்தில் திட்டம் பாதியில் நின்றுபோனது. கட்டிய அளவில் பூங்காக்கள் இன்றும் உயிரோடு இருக்கின்றன; குடியிருப்பாளர் சங்கம் பராமரிக்கிறது. அதே அமைப்பை ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் அரசு வீட்டுத்திட்டங்களில் பின்பற்றியபோது பலவிடத்தில் விளைவு வேறானது. வீடுகளுக்கும் பூங்காவுக்கும் நடுவே உயர்ந்த வேலிகள் வந்தன. ஒருவர் கண்ணிலும் படாத புல்வெளிகளுக்குள் போகச் சனங்கள் பயந்தார்கள். பிறகு அரசே செலவழித்து வீடுகளை வீதிப்பக்கம் திருப்பவேண்டி வந்தது.

உங்கள் பின்வேலியை நினைத்துத்தான் இதைச் சொல்கிறேன். அந்தக் காணிக்கு எல்லா வீடும் முதுகு காட்டி நின்றால், எவ்வளவு துப்புரவாக்கினாலும் மாரி முடிய அது திரும்பப் பற்றையாகிவிடும். வேலியில் ஒரு படலை வைக்க வேண்டும். உங்கள் வீட்டிலிருந்தே தொடங்கு. ஒரு படலை வைத்தால் அடுத்த வீட்டாரும் கேட்பார்கள்.

இன்னொன்றையும் நீ அறிந்திருக்க வேண்டும். எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது. கடலுக்கும் வாவிக்கும் நடுவிலுள்ள எங்கள் கரைமணலில், உவர்நீருக்கு மேல் நன்னீர் மெல்லிய படையாக மிதக்கிறது. கல்லடிக் கிணறுகளில் நாங்கள் அள்ளுவது அந்தத் தண்ணீரைத்தான். மழைதான் அதை நிரப்புகிறது. சுனாமியில் உவர்ப்பான கிணறுகள் அடுத்தடுத்த மாரிமழையில்தான் மெல்ல மெல்லத் தெளிந்தன. கொங்கிறீற்றில் விழும் மழை கானோடு ஓடிவிடும். திறந்த மணலில் விழுவது கீழே இறங்கும். திராய்மடு போன்ற தாழ்ந்த இடத்தில் மாரிவெள்ளம் வீட்டுக்குள் ஏறாமல் தங்கிப் போகவும் ஒரு வெளி வேண்டும். ஆகவே அந்தக் காணிக்கு மண் கொட்டி உயர்த்தலாம், சுற்றிவர மதில் கட்டி சீமெந்துத் தளம் போடலாம் என்று யாராவது வந்தால், மழைத்தண்ணீர் எங்கே போவது என்று முதலில் கேள்.

பூங்கா என்றவுடன் ஊஞ்சலும் இரும்புக் கதிரையும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். எங்கள் மட்டக்களப்பில் பொதுவெளி அதைவிடப் பெரிய வேலைகளைச் செய்திருக்கிறது. வட்டக்களரி போட்டு விடியவிடியக் கூத்தாட, சுற்றிவரச் சனம் இருந்து பார்க்க, ஊருக்குள் ஒரு வெளி வேண்டியிருந்தது. கண்ணகி அம்மன் கோயில்களில் வடசேரி, தென்சேரி என்று பிரிந்து நின்று கொம்பு இழுக்கவும் வெளி வேண்டும். புதிய வீட்டுத்திட்டங்களைக் கீறியவர்கள் இவற்றை எண்ணியிருக்கவே மாட்டார்கள். உங்கள் காணியில் அண்ணாவியார் ஒருவர் பிள்ளைகளுக்கு ஆட்டம் பழக்க இடமிருக்கட்டும். ஓரத்தில் நாவலும் புன்னையும் வேம்பும் நடுங்கள். நடுவை வெறுமணலாகவே விடுங்கள்.

முதல் வேலை மரம் நடுவதல்ல, மகள். திட்டத்தின் நில அளவை வரைபடத்தைத் தேடு. பிரதேச செயலகத்திலோ மாநகர சபையிலோ விசாரி. கிராம சேவையாளரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவை. ஒவ்வொரு துண்டுக்கும் இலக்கம் இருக்கும். உங்கள் வீட்டுத் துண்டை முதலில் பிடித்துக்கொண்டு, பின்னால் உள்ளதன் இலக்கம், பரப்பு, அதற்கு எதிரே என்ன எழுதியிருக்கிறது என்று பார். அதற்குப் போகும் ஒழுங்கை வரைபடத்தில் இருக்கிறதா, இருந்தால் இப்போது யார் வளவுக்குள் போய்விட்டது என்பதையும் கவனி. யாரோடும் சண்டைக்குப் போகாதே. நீளத்தையும் அகலத்தையும் சிநேகிதிகளோடு நடந்து அளந்து கொப்பியில் எழுது.

வரைபடத்தின் பிரதி கிடைத்தால் படமெடுத்து அனுப்பு. பழக்கமான நில அளவையாளர் ஒருவரிடம் காட்டி, எல்லைக்கல் எங்கே நிற்க வேண்டும் என்று கேட்டுச் சொல்கிறேன். படலைக்குப் பலகை என்னிடம் இருக்கிறது.

அன்புடன்,
மாமா