ஓடும் ரயிலில் மணி அடித்தது எப்படி?

இரவு 8 மணி. கோபர்கைரனேயில் மழை கொட்டியது. சோறு வெந்துவிட்டது. மகன் இன்னும் வரவில்லை. அவனுக்குச் செம்பூரில் வேலை. தாய் செல்போனில் அவனை அழைத்தாள்.

"எங்கேப்பா இருக்கே?"

"மான்குர்த் தாண்டிட்டேன்மா. வண்டி பாலத்துமேல வருது."

தாய்க்கு நிம்மதி. கூடவே ஒரு சந்தேகம். மகளைக் கேட்டாள்.

"அவன் ஓடுற ரயில்ல இருக்கான். அவன் இருக்கிற இடம் எப்படித் தெரிஞ்சுது?"

மகள் விளக்கினாள்.

ஊரெங்கும் செல்போன் டவர்கள் இருக்கின்றன. பக்கத்துப் பக்கத்து டவர்களை ஒரு வட்டாரமாகப் பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஓர் எண் உண்டு. டவர் அந்த எண்ணை ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கும். நம் காதுக்குக் கேட்காது. போனுக்குக் கேட்கும். எண் மாறினால், "நான் இங்கே வந்துவிட்டேன்" என்று போன் தானே தகவல் அனுப்பும். கம்பெனியின் கணினி அதைப் பதிந்துகொள்ளும்.

யாராவது அழைத்தால், அந்த வட்டாரத்து டவர்கள் எல்லாம் சேர்ந்து போனைக் கூப்பிடும். ரயில் நிலையத்தில் ஒலிபெருக்கியில் பெயர் சொல்லிக் கூப்பிடுவது போலத்தான். உரிய போன் மட்டும் பதில் சொல்லும்.

"ஒவ்வொரு டவரைத் தாண்டும்போதும் சொல்லிட்டா என்ன?"

"பேட்டரி சீக்கிரம் தீர்ந்துடும்மா. சொல்லாமலே இருந்தா, மும்பை முழுக்கத் தேடணும். அதனாலதான் நடுவில ஒரு ஏற்பாடு."

பேசிக்கொண்டே போகும்போது வேலை இன்னும் அதிகம். எந்த டவரின் அலை வலுவாக இருக்கிறது என்று போன் அளந்துகொண்டே இருக்கும். பழைய டவரின் அலை குறையக் குறைய, பேச்சை அடுத்த டவரிடம் ஒப்படைப்பார்கள். அடுத்தது எது என்று ஊகிக்கவும் முடியும். மான்குர்த்தை விட்டு வாஷிப் பக்கம் வரும் ரயில் கழிமுகப் பாலத்தைத் தாண்டித்தானே ஆகவேண்டும்?

சினிமாவில் போலீசார் டவரை வைத்தே வீட்டைக் கண்டுபிடித்துவிடுவார்கள். உண்மையில் அது அவ்வளவு சுலபம் இல்லை. அலை போய்வரும் நேரத்தைக் கொண்டு தூரத்தைக் கணக்கிடலாம். பழைய ஜி.எஸ்.எம். முறையில் அந்தக் கணக்கு சுமார் 550 மீட்டர் படிகளாகத்தான் கிடைக்கும். அதற்குள் எத்தனை வீடுகள்! ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களின் அலை கிடைத்தால் இன்னும் சரியாகத் தெரியும். அப்படியும் ஆபத்தில் 112-ஐ அழைப்பவர்கள், பக்கத்தில் உள்ள ஸ்டேஷன், கடை, தெருவின் பெயரைச் சொல்வது நல்லது.

தாய்க்குப் பழைய ஞாபகம் வந்தது. 2005 ஜூலை 26. சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. ரயில்கள் நின்றன. பல இடங்களில் செல்போனும் வேலை செய்யவில்லை.

"உங்கப்பா மறுநாள்தான் வந்தார். ராத்திரி முழுக்க 'தொடர்பு எல்லைக்கு வெளியே' என்றே சொல்லிச்சு. நான் என்னென்னவோ நினைச்சு அழுதேன்."

"டவருக்குக் கரண்ட் போனாலும் அப்படித்தான் சொல்லும்மா. கூப்பிட்டாங்க, போன்கிட்டே இருந்து பதில் வரலை. அவ்வளவுதான் அதுக்கு அர்த்தம்."

"இதை அன்னைக்கு யாரும் எனக்குச் சொல்லலையே" என்றாள் தாய்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. அவள் தட்டை எடுத்து வைத்தாள்.