வானத்தில் நடக்கிற நட்சத்திரம்



பொழுது சாய்ந்த பிறகு மாடியில் காயும் துணியை எடுக்கப் போகும்போது, ஒரு நட்சத்திரம் மட்டும் நகர்ந்து போவதை நம்மில் சிலர் பார்த்திருப்போம். அது செயற்கைக்கோளாக இருக்கலாம். அதை அடையாளம் காண்பது சுலபம்தான்.

* விமானம் என்றால் விளக்கு மின்னி மின்னி எரியும்.
* எரிநட்சத்திரம் ஓரிரு நொடியில் கோடு போட்டு மறைந்துவிடும்.
* செயற்கைக்கோள் பெரும்பாலும் மின்னாமல், ஒரே சீராக நகரும்.

செயற்கைக்கோளின் வெளிச்சம் அதனுடையது அல்ல. நமக்கு இருட்டினாலும் அந்த உயரத்தில் வெயில் அடிக்கும். அதைத்தான் நாம் பார்க்கிறோம். அதனால் பொழுது சாய்ந்த ஒன்றரை மணி நேரத்துக்குள்ளும், விடிவதற்கு முன்பும்தான் நன்றாகத் தெரியும். பூமியின் நிழலுக்குள் போனால் நடுவானிலேயே மறைந்துவிடும். 'விழுந்துடுச்சு' என்று பயப்பட வேண்டாம்.

எல்லாவற்றிலும் பளிச்சென்று தெரிவது சர்வதேச விண்வெளி நிலையம். சுமார் 400 கி.மீ. உயரத்தில், 90 நிமிடத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றுகிறது. மேற்குப் பக்கம் கிளம்பி, ஐந்தாறு நிமிடத்தில் நம் வீராம்பட்டினம் கடல் பக்கம் போய்விடும். சுனிதா வில்லியம்ஸ் 2024 ஜூன் முதல் 2025 மார்ச் வரை தங்கியிருந்தது அங்கேதான்.

விளக்குகள் வரிசையாக ரயில் போலப் போனால் அது ஸ்டார்லிங்க் இணையச் செயற்கைக்கோள்கள். 2019 முதல் கூட்டமாக ஏவுகிறார்கள். வதந்தியை நம்பாதீர்கள்.

நமக்கு அதிகம் உதவும் இன்சாட் கண்ணுக்குத் தெரியாது. 36,000 கி.மீ. உயரத்தில், பூமி சுற்றும் வேகத்துக்கே சுற்றுவதால் ஒரே இடத்தில் நிற்பது போல இருக்கும். 2024 நவம்பர் 30-ல் புதுச்சேரி அருகே கரை கடந்த பெஞ்சல் போன்ற புயல்களை இன்சாட் வகைக் கோள்கள்தான் மேலிருந்து கண்காணிக்கின்றன. கடலுக்குப் போகும் குடும்பங்கள் அந்த எச்சரிக்கையை அலட்சியம் செய்யக் கூடாது.

குழுவின் கணக்கு நோட்டு எழுதும் நமக்கு இது பெரிய வேலையில்லை. தேதி, மணி, தோன்றிய திசை, மறைந்த திசை என்று பிள்ளைகளை எழுதச் சொல்லுங்கள். கையை நீட்டி முஷ்டி பிடித்தால் அதன் அகலம் வானத்தில் சுமார் 10 டிகிரி, உயரத்தையும் அளக்கலாம். நிலையம் வரும் நேரத்தை நாசாவின் 'ஸ்பாட் தி ஸ்டேஷன்' செயலி சொல்லும்.

அடுத்த கூட்டத்துக்கு அந்த நோட்டையும் கொண்டு வாருங்கள். சேர்ந்து பார்ப்போம், சேர்ந்து கற்போம்!